ஊட்டியா, குன்னூரா? ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

'ஊட்டி குன்னூரைவிட உயரமானது' என்னும் தொடரை நீலகிரியில் பள்ளிக்குப் போகாத குழந்தைகூட யோசிக்காமல் சொல்லிவிடும். அதையே ஆங்கிலத்தில் சொல்ல முற்படும்போது, பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவரும் 'ஊட்டி இஸ் ஹை தேன் குன்னூர்' என்றோ, 'ஊட்டி இஸ் மோர் ஹையர் தேன் குன்னூர்' என்றோ சொல்லிவிடுவதைக் கேட்கிறோம். முதல் தொடரில் பெயரடை ஒப்பீட்டு வடிவத்தை ஏற்கவே இல்லை. இரண்டாவதில் இருமுறை ஏற்றுவிட்டது. 'ஊட்டி இஸ் ஹையர் தேன் குன்னூர்' என்பதே சரி. சுற்றுலா வழிகாட்டியாகவோ, வாடகைக் கார் ஓட்டுநராகவோ, விடுதி வரவேற்பிலோ, தேயிலைக் கடையிலோ புதிதாகச் சேர்ந்து, 'எது கிட்டத்தில் இருக்கிறது, எதில் கூட்டம் குறைவு, எது மலிவு' என்று வெளியூரார் கேட்கும் கேள்விகளுக்கு நாள்தோறும் விடை சொல்ல வேண்டியவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். பள்ளி மாணவர்களுக்கும் இது பயன்படும்; ஆனால் தேர்வுக்காக மட்டும் படிப்பவர்கள் சில இடங்களில் பொறுமை காட்ட வேண்டியிருக்கும்.

முதல் படி: குறி எங்கே விழுகிறது என்று பாருங்கள்

தமிழில் ஒப்பீட்டின் குறி, ஒப்பிடப்படும் பெயர்ச்சொல்லின் மேல் விழுகிறது. 'குன்னூர்' என்பது 'குன்னூரைவிட' என்றோ 'குன்னூரைக் காட்டிலும்' என்றோ மாறுகிறது. 'உயரமான' என்ற பெயரடையோ அசைவதே இல்லை. உயரமான ஊர், குன்னூரைவிட உயரமான ஊர், எல்லாவற்றிலும் உயரமான ஊர் ஆகிய மூன்றிலும் அது ஒரே வடிவில்தான் நிற்கிறது. நம் மரபிலக்கணமும் ஒப்புப் பொருளை ஐந்தாம் வேற்றுமையின் கணக்கில், அதாவது பெயரின் கணக்கில்தான், எழுதி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இது நேர்மாறு. அங்கே ஊர்ப் பெயர் அப்படியே இருக்கும்; பெயரடைதான் 'ஹை', 'ஹையர்', 'ஹையஸ்ட்' என்று மாறும். 'தேன்' என்ற சிறு சொல் 'விட' என்பதன் வேலையைச் செய்வதுபோல் தோன்றினாலும், அது பெயரடையின் மாற்றத்துக்குத் துணையாக வருவதே தவிர, அதற்கு மாற்று அன்று. 'விட' சொன்னதும் ஒப்பீடு முடிந்துவிட்டதாகத் தமிழ்க் காது நினைத்துக்கொள்வதால்தான் 'ஹை தேன்' என்ற பிழை பிறக்கிறது.

ஆகவே ஆங்கிலத் தொடரைத் தொடங்கும் முன் மனத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேனா, ஒன்றை இன்னொன்றோடு வைத்துச் சொல்கிறேனா, ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்கிறேனா? முதலாவதற்கு இயல்பு வடிவம். இரண்டாவதற்கு ஒப்பு வடிவம். மூன்றாவதற்கு உச்ச வடிவம். பள்ளியில் 'பாசிட்டிவ், கம்பாரட்டிவ், சூப்பர்லேட்டிவ்' என்று படித்தவை இவைதாம். பெயர்கள் மறந்துபோனாலும் இந்தக் கேள்வி மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: 'ஈ-ஆர்' விகுதியா, 'மோர்' என்ற தனிச் சொல்லா?

ஒப்பு வடிவத்தை ஆங்கிலம் இரண்டு வழிகளில் ஆக்குகிறது. ஒன்று, சொல்லின் கடைசியில் 'ஈ-ஆர்' சேர்ப்பது. மற்றொன்று, சொல்லுக்கு முன் 'மோர்' வைப்பது. உச்ச வடிவத்துக்கு முறையே 'ஈ-எஸ்-டி' என்பதும் 'மோஸ்ட்' என்பதும். எதை எங்கே என்பதை முடிவு செய்வது பொருள் அன்று, சொல்லின் நீளம். அதுவும் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று, அசைகளின் எண்ணிக்கை. மோவாய்க்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை என்று ஏறத்தாழக் கொள்ளலாம்.

ஓரசைச் சொற்கள் விகுதி ஏற்கும்: 'கோல்ட்' என்பது 'கோல்டர்' ஆகும், 'ஸ்டீப்' என்பது 'ஸ்டீப்பர்' ஆகும், 'சீப்' என்பது 'சீப்பர்' ஆகும். மூன்றும் அதற்கு மேலும் அசையுள்ளவை 'மோர்' ஏற்கும்: 'மோர் பியூட்டிஃபுல்', 'மோர் எக்ஸ்பென்சிவ்', 'மோர் டேஞ்சரஸ்'. தொல்லை எல்லாம் ஈரசைச் சொற்களில்தான். அவற்றுள் 'ஒய்' என்ற எழுத்தில் முடிபவை விகுதி ஏற்கும். நம் மலைக்கு மிகவும் வேண்டிய 'மிஸ்டி', 'ஃபாகி', 'க்ளவுடி', 'சன்னி', 'ரெய்னி' எல்லாம் இந்த வகை என்பது நல்வாய்ப்பு. 'நேரோ', 'சிம்பிள்', 'ஜென்டில்' போன்றவையும் பெரும்பாலும் விகுதியே ஏற்கும். 'ஃபேமஸ்', 'க்ரௌடட்', 'பீஸ்ஃபுல்', 'மாடர்ன்' போன்றவற்றுக்கு 'மோர்' வேண்டும். ஐயம் வந்தால் ஈரசைச் சொல்லுக்கு 'மோர்' போட்டுவிடுங்கள். கேட்பவருக்குச் சற்று நெருடலாம், ஆனால் பொருள் கெடாது. ஓரசையாக இருந்தும் 'டயர்ட்' என்பது 'மோர் டயர்ட்' என்றே வருவது ஒரு விலக்கு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றே ஒன்று. 'மோர் கோல்டர்', 'மோஸ்ட் ஹையஸ்ட்' என்று இரண்டையும் சேர்ப்பது 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுத்திலேயே வழங்கியது. இன்று அது பிழையாகவே கொள்ளப்படும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 'ஒய்' என்று முடிந்தால் அது 'ஐ' ஆகும். ஏற்கெனவே 'ஈ' எழுத்தில் முடிந்தால் 'ஆர்' மட்டும் சேரும். ஓரசைச் சொல்லின் கடைசியில் ஓர் உயிரெழுத்தும் அதையடுத்து ஒரே ஒரு மெய்யெழுத்தும் இருந்தால், 'பிக்', 'ஹாட்' என்பவற்றில்போல, அந்த மெய் இரட்டிக்கும். 'ஸ்டீப்' என்பதில் இரண்டு உயிரெழுத்துகள் இருப்பதாலும், 'கோல்ட்' என்பதில் இரண்டு மெய்கள் இருப்பதாலும் இரட்டிப்பு இல்லை. பேச்சுக்கு இவை எவையும் தேவையில்லை; அறிவிப்புப் பலகை எழுதும்போது தேவை.

விதிக்குள் அடங்காத சிலவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 'குட், பெட்டர், பெஸ்ட்'. 'பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்'. 'ஃபார், ஃபர்தர், ஃபர்தஸ்ட்'. 'லிட்டில், லெஸ், லீஸ்ட்'. 'மச்' என்பதற்கும் 'மெனி' என்பதற்கும் பொதுவாக 'மோர், மோஸ்ட்'. 'மோர் பெட்டர்' என்று காதில் விழாத நாளே இல்லை. 'பெட்டர்' என்பதிலேயே 'மோர்' அடங்கியிருக்கிறது.

மூன்றாம் படி: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

'ஊட்டியின் தட்பவெப்பம் மேட்டுப்பாளையத்தைவிடக் குளிர்ச்சியானது' என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மேட்டுப்பாளையத்தின் தட்பவெப்பம் என்று கேட்பவரே நிரப்பிக்கொள்வார். ஆங்கில எழுத்தில் அப்படி விட்டால், ஒரு தட்பவெப்பத்தை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். 'தி க்ளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் தட் ஆஃப் மேட்டுப்பாளையம்' என்று 'தட் ஆஃப்' சேர்க்க வேண்டும். பேச்சில் இவ்வளவு சுற்ற வேண்டாம்: 'ஊட்டி இஸ் கூலர் தேன் மேட்டுப்பாளையம்' என்று ஊரை ஊரோடு நிறுத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பெயரடையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு ஏறும் தொலைவும் இறங்கும் தொலைவும் ஒன்றுதான், ஏறத்தாழ 46 கிலோமீட்டர். ஆனால் ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டியும், இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம் அளவிலும் ஆகின்றன. 'தி அப்ஹில் ஜர்னி இஸ் லாங்கர்' என்றால் நேரமும் நினைவுக்கு வரலாம், தொலைவும் நினைவுக்கு வரலாம். 'தி அப்ஹில் ஜர்னி இஸ் ஸ்லோயர்' என்று சொன்னால் ஐயமே எழாது. பயணி இதைக் கேட்டுத்தான் ஏறுவதா, இறங்குவதா என்று பயணச்சீட்டு எடுப்பார் என்பதால், எந்தத் தன்மையைப் பற்றிய ஒப்பீடு என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நுட்பம்: 'தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தி நீலகிரிஸ்' என்றால், தொட்டபெட்டாவும் நீலகிரிச் சிகரம்தானே, அது தன்னைவிடவே உயர்ந்ததாகிவிடும். 'எனி அதர் பீக்' என்று அந்த 'அதர்' வந்தால்தான் அது கணக்கிலிருந்து வெளியேறும். தமிழிலும் 'வேறெந்தச் சிகரத்தையும்விட' என்றுதானே கவனமாகச் சொல்வோம்.

நான்காம் படி: எவ்வளவு வேறுபாடு?

ஒப்பிட்டால் மட்டும் போதாது. வேறுபாடு பெரிதா சிறிதா என்பதும் வேண்டும். இங்கே தமிழ்ப் பழக்கம் நம்மை ஒரு குழியில் தள்ளுகிறது. 'ரொம்பக் குளிர்', 'அதைவிட ரொம்பக் குளிர்' என்று இரண்டுக்கும் 'ரொம்ப' என்பதையே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் இயல்பு வடிவத்துக்கு 'வெரி', ஒப்பு வடிவத்துக்கு 'மச்' அல்லது 'ஃபார்'. 'ஊட்டி இஸ் வெரி கோல்ட்' சரி. 'ஊட்டி இஸ் வெரி கோல்டர்' தவறு. 'ஊட்டி இஸ் மச் கோல்டர் தேன் மேட்டுப்பாளையம்' சரி. சிறு வேறுபாட்டுக்கு 'அ லிட்டில்', 'அ பிட்', 'ஸ்லைட்லி' ஆகியவை உதவும்: 'குன்னூர் இஸ் அ லிட்டில் வார்மர் தேன் ஊட்டி'. 'இன்னும்' என்று அழுத்திச் சொல்ல 'ஈவன்' உண்டு: ஊட்டி குளிர், தொட்டபெட்டா உச்சி 'ஈவன் கோல்டர்'.

துல்லியமான அளவு தெரியுமானால், அதை ஒப்பு வடிவத்துக்கு முன்னால் அப்படியே வைத்துவிடலாம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 326 மீட்டரில் இருக்கிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது. எனவே, 'ஊட்டி இஸ் அபௌட் நைன்டீன் ஹண்ட்ரட் மீட்டர்ஸ் ஹையர் தேன் மேட்டுப்பாளையம்'. எண், அலகு, ஒப்பு வடிவம், 'தேன்' என்ற இந்த வரிசை மாறாது. உயரம், தொலைவு, வயது, விலை எதற்கும் இதே வரிசைதான் என்பதால், ஒரு தொடரை நன்றாகப் பழகிக்கொண்டால் நூறு தொடர்களுக்கு அது உதவும்.

ஐந்தாம் படி: உச்சத்துக்கு எல்லை வகுத்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தவறுவதும், தவறினால் வெறும் இலக்கணப் பிழையாக நிற்காமல் பொய்த் தகவலாகவே ஆகிவிடுவதும் இந்த இடத்தில்தான். உச்ச வடிவத்துக்கு முன் 'தி' வர வேண்டும். பின்னால், எந்த எல்லைக்குள் அது உச்சம் என்று சொல்ல வேண்டும். இடமானால் 'இன்', கூட்டமானால் 'ஆஃப்'. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். 'தொட்டபெட்டா இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் தி நீலகிரிஸ்' உண்மை. 'இன் தமிழ்நாடு' என்றாலும் உண்மை. 'இன் சவுத் இண்டியா' என்று பெருமிதத்தில் ஒரு படி கூடுதலாக ஏறினால் அது பொய். கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டாவைவிட 58 மீட்டர் உயர்ந்தது. எல்லையைச் சொல்லாமல் 'தி ஹையஸ்ட் பீக்' என்று மட்டும் நிறுத்துவதும் நல்லதன்று, கேட்பவர் தமக்குத் தோன்றிய எல்லையை வைத்துக்கொள்வார்.

கூட்டத்துக்கு 'ஆஃப்' வருவதற்கு மலை ரயில்களே நல்ல எடுத்துக்காட்டு. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இந்திய மலை ரயில்கள் மூன்று: 1881இல் ஓடத் தொடங்கிய டார்ஜிலிங், 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நீலகிரி, 1903இல் தொடங்கிய கால்கா-சிம்லா. 'தி டார்ஜிலிங் ரயில்வே இஸ் தி ஓல்டஸ்ட் ஆஃப் தி த்ரீ.' நம்முடையது மூத்தது அன்று. ஆனால் 'தி ஸ்டீப்பஸ்ட் ஆஃப் தி த்ரீ' என்று தயங்காமல் சொல்லலாம், ஏனெனில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் பல்சக்கரத்தின் துணையோடு அது ஏறுகிறது.

'மிகப் பழமையான ரயில் பாதைகளில் ஒன்று' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பன்மையை விட்டுவிடுவது நம் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் செய்வது. 'ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் மவுன்டன் ரயில்வேஸ்' என்று கடைசிச் சொல் பன்மையில் வர வேண்டும். பலவற்றுள் ஒன்று என்பதால் அந்தப் பல இருந்தாக வேண்டும். தமிழிலும் 'பாதைகளில் ஒன்று' என்றுதான் எழுதுகிறோம், ஆனால் பேச்சில் 'பாதைல ஒண்ணு' என்று சொல்லிப் பழகியது ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

'எங்களுடைய', 'அவருடைய' என்ற உடைமைச் சொல் முன்னால் வந்துவிட்டால் 'தி' வேண்டாம்: 'அவர் பெஸ்ட் ரூம்', 'அவர் ஃப்ரெஷஸ்ட் டீ'. இரண்டே இரண்டு பொருள்களுள் ஒன்றைப் பிரித்தால், உச்ச வடிவத்துக்குப் பதில் ஒப்பு வடிவமே 'தி' ஏற்று வரும். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையே கல்லட்டி வழியாக ஒரு பாதையும், கூடலூர் வழியாக ஒரு பாதையும் உண்டு. 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டிப் பாதையை 'தி ஸ்டீப்பர் ஆஃப் தி டூ ரோட்ஸ்' என்பது எழுத்து முறை. பேச்சில் 'ஸ்டீப்பஸ்ட்' என்றாலும் யாரும் திருத்தமாட்டார்கள்.

ஆறாம் படி: சமமும் சமமின்மையும்

இரண்டும் சமம் என்றால் பெயரடையின் இருபுறமும் 'ஆஸ்' வரும்: 'கோத்தகிரி இஸ் ஆஸ் பியூட்டிஃபுல் ஆஸ் குன்னூர்.' தமிழில் 'அளவுக்கு' என்ற ஒரே சொல் போதுமாக இருப்பதால், முதல் 'ஆஸ்' நம் நாவில் விழுந்துவிடுகிறது. இதன் எதிர்மறை, விற்பனையிலும் விருந்தோம்பலிலும் இருப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். ஒரு வாடிக்கையாளரிடம் 'திஸ் ரூம் இஸ் ஸ்மாலர்' என்பதைவிட 'திஸ் ரூம் இஸ் நாட் ஆஸ் பிக் ஆஸ் தட் ஒன், பட் இட் இஸ் க்வையட்டர்' என்று சொல்வது மென்மையானது. குறையைச் சொல்லியாயிற்று, நிறையையும் சொல்லியாயிற்று.

மடங்குக் கணக்குக்கும் இதே வடிவம்தான். மசினகுடிக்குக் கூடலூர் வழி, கல்லட்டி வழியைவிட இரு மடங்குக்கும் மேல் நீளமானது என்பதை 'மோர் தேன் ட்வைஸ் ஆஸ் லாங் ஆஸ்' என்று சொல்ல வேண்டும்.

குறைவுக்கு 'லெஸ்' உண்டு: 'கோத்தகிரி இஸ் லெஸ் க்ரௌடட் தேன் ஊட்டி.' நீண்ட பெயரடைகளோடு இது இயல்பாக இருக்கும். 'லெஸ் கோல்ட்' என்பதைவிட 'வார்மர்' அல்லது 'நாட் ஆஸ் கோல்ட்' நன்று.

தொட்டபெட்டாவைப் பற்றி 'நோ அதர் பீக் இன் தி நீலகிரிஸ் இஸ் ஆஸ் ஹை ஆஸ் தொட்டபெட்டா' என்று மாற்றி எழுதும் பள்ளிப் பயிற்சி பலருக்கு நினைவிருக்கும். ஒரே உண்மையை மூன்று வடிவங்களிலும் சொல்லப் பழக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் மூன்று வடிவங்களும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்று அது நம்பவைத்துவிடுகிறது. 'டார்ஜிலிங் ரயிலைப்போல நீலகிரி ரயில் பழமையானது அன்று, ஆனால் சிம்லா ரயிலைவிடப் பழமையானது' என்ற நடுநிலையைச் சொல்ல, 'ஓல்டர் தேன் தி சிம்லா ரயில்வே, பட் நாட் ஆஸ் ஓல்ட் ஆஸ் தி டார்ஜிலிங் ரயில்வே' என்று இரண்டு வடிவங்களையும் ஒரே தொடரில் சேர்க்கத்தான் வேண்டும். உண்மையான பேச்சில் இதுதான் அடிக்கடி வரும்.

ஏழாம் படி: ஒப்பிடாமல் அளவு சொல்லுதல்

எதோடும் ஒப்பிடாமல், ஒரு தன்மை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும்போது 'வெரி', 'டூ', 'இனஃப்' ஆகிய மூன்றையும் பிரித்தறிய வேண்டும். 'வெரி' என்பது மிகுதி. 'டூ' என்பது அளவுக்கு மீறியது. 'திஸ் டீ இஸ் வெரி ஸ்ட்ராங்' என்றால் தேநீரின் இயல்பைச் சொல்கிறோம்; 'டூ ஸ்ட்ராங்' என்றால் குடிக்க முடியவில்லை என்று குறை சொல்கிறோம். தேயிலைக் கடையில் நின்றுகொண்டு 'அவர் டீ இஸ் டூ ஸ்ட்ராங்' என்று பெருமையோடு சொன்னால், விற்பவரே தம் சரக்கைக் குறை சொன்னதாகிவிடும். 'இனஃப்' என்பது 'போதுமான அளவு'. இது மட்டும் பெயரடைக்குப் பின்னால் வரும்: 'வார்ம் இனஃப்'.

சில பெயரடைகளுக்குள் உச்சம் முன்பே அடங்கியிருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படியும்போது 'ஃப்ரீசிங்' என்று சொன்னாலே 'மிகமிகக் குளிர்' என்றாகிவிடும். அதற்கு 'வெரி' ஒட்டாது, 'அப்சொல்யூட்லி ஃப்ரீசிங்' என்பதே ஒட்டும். 'க்வைட் குட்' என்பதில் ஒரு கண் வையுங்கள்: பிரிட்டன்காரர் அதை 'ஓரளவு நன்று' என்றும், அமெரிக்கர் 'நன்றாகவே இருக்கிறது' என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். இருவரும் வந்துபோகும் ஊரில் 'வெரி குட்' என்று சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

எட்டாம் படி: ஏற ஏற

'மேலே ஏற ஏறக் குளிர் கூடும்' என்று நாம் வினையை இரட்டித்துச் சொல்வதை, ஆங்கிலம் இரண்டு ஒப்பு வடிவங்களை எதிரெதிரே நிறுத்திச் சொல்கிறது: 'தி ஹையர் யூ கோ, தி கோல்டர் இட் கெட்ஸ்.' இரண்டு பக்கத்திலும் 'தி' வர வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒப்பு வடிவமே வர வேண்டும். தொடக்கத்தில் கடினமாகத் தோன்றினாலும், பர்லியாறிலிருந்து குன்னூருக்கு வண்டி ஏறும்போது கண்ணில் படுவதையெல்லாம் இந்த அச்சில் வார்த்துப் பார்த்தால் விரைவில் கைவந்துவிடும். இரண்டாவது நிகழ்வு இல்லாமல் ஒன்று மட்டும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், 'இட் இஸ் கெட்டிங் கோல்டர் அண்ட் கோல்டர்' என்று ஒப்பு வடிவத்தை இரட்டிக்கலாம்; 'மோர்' ஏற்கும் சொல்லானால் 'மோர் அண்ட் மோர் க்ரௌடட்' என்று 'மோர்' மட்டும் இரட்டிக்கும்.

மிச்சம் இருப்பவை இரண்டு சிறு செய்திகள். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' ஆகிய இலத்தீன் வழிச் சொற்கள் 'தேன்' ஏற்காமல் 'டு' ஏற்கும். 'ஹி இஸ் சீனியர் டு மீ' என்பதே சரி. 'ப்ரிஃபர்' என்ற வினையும் அப்படியே: 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி.' அண்ணனைச் சொல்லும்போது 'மை எல்டர் பிரதர்' என்று 'எல்டர்' வரலாம்; ஆனால் 'தேன்' வந்துவிட்டால் 'ஹி இஸ் ஓல்டர் தேன் மீ' என்று 'ஓல்டர்' மட்டுமே வரும்.